ஆறு நாலு ரெண்டு

ஆறாம் அத்தியாயத்துக்குள் ஐந்து புள்ளி ஒன்பது என்று ஓர் எண் நின்றது. சூடாமணி அந்த எண்ணை அழித்தாள். உடனே அதற்குக் கீழே இருந்த ஐந்து புள்ளி பத்து, தான்தான் ஐந்து புள்ளி ஒன்பது என்று அந்த இடத்தில் வந்து நின்றது. காலையிலிருந்து இதே கூத்துதான். அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்துக்கொண்டாள்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஆயில் கேன்களுக்கு மூடி வார்க்கிற சின்னக் கம்பெனி அது. சூடாமணி அங்கே சேர்ந்து ஆறு வருடம். பேருக்கு ஆபீஸ் அசிஸ்டென்ட். டைப் அடிப்பது, ஃபைல் போடுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது, முதலாளி வீட்டுக்குக் கேஸ் புக் பண்ணுவது வரை எல்லாம் அவள் தலையில்தான். வியாழக்கிழமை, மூடி வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். போன தடவை வந்தவர்கள் வேலைமுறைக் கையேட்டைப் புரட்டிவிட்டு, தலைப்பு எண்கள் ஒழுங்கில்லை என்று ஒரு குறை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மெஷின்களைப் பற்றி அவர்கள் ஒன்றும் எழுதவில்லை.

கையேடு அறுபத்து நாலு பக்கம். இங்கிலீஷில் ஒரு பத்தி, அதன் கீழே தமிழில் ஒரு பத்தி. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் அதில் கை வைத்திருந்தார்கள். முதல் ஆள் எண்களை எல்லாம் கையால் அடித்திருந்தான். இரண்டாவது ஆள் கம்ப்யூட்டரையே எண் போட விட்டிருந்தான். மூன்றாவதாக வந்த பெண், வேறு ஏதோ கம்பெனியின் கையேட்டிலிருந்து பத்துப் பக்கத்தைத் தூக்கி நடுவில் ஒட்டிவிட்டுக் கல்யாணமாகிப் போய்விட்டாள். சில தலைப்புகளுக்கு எண்ணே இல்லை. சிலதுக்கு இரண்டிரண்டு. ஆறாம் அத்தியாயத்தின் தலைப்பை யாரோ எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, முன்னால் ஆறு என்று அடித்து வைத்திருந்தார்கள். பார்க்கிற கண்ணுக்கு அது தலைப்பு. கம்ப்யூட்டருக்கு அது சும்மா ஒரு வரி. அதனால் ஐந்தாம் அத்தியாயம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இடையில் கையால் அடித்திருந்த எண்களைச் சட்டை பண்ணாமல், அது தன் போக்கில் எண்ணிக்கொண்டே போனது.

இது அவளுக்குப் பிடிபட மத்தியானம் ஆகிவிட்டது. கையால் அடித்த எண்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அத்தியாயத் தலைப்புகளை முதல் நிலை என்றும், அதற்குள் வருகிறவற்றை இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்றும் பிரித்துக் கொடுக்க வேண்டும். எது எதற்குக் கீழே என்று நாம் சொல்லிவிட்டால் எண்ணை அது பார்த்துக்கொள்ளும். செய்து பார்த்தாள். ஆறு என்று வந்தது. கீழே 6.1, 6.2 என்று வரிசையாக இறங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சிரித்துக்கொண்டாள்.

"என்னக்கா, டிவிய மொறச்சுப் பாத்துக்கிட்டு தனியா சிரிக்கிறீக?"

பாண்டியராஜன் வாசலில் நின்றான். மூன்றாம் நம்பர் மோல்டிங் மெஷினில் வேலை. செக்கானூரணிப் பக்கம் ஊர். இருபத்தெட்டு வயது. கைகளில் எண்ணெய் என்பதால் கதவைத் தொடாமல் தோளால் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"நம்பர் சரி பண்றேன் தம்பி. உன் மெஷின்ல ஒரு தாள் ஒட்டியிருக்குல்ல, அது இந்தப் புத்தகத்துல உள்ளதுதான்."

"அதா! ஆறு நாலு ரெண்டுன்னு இருக்கும், அதுக்கு அடுத்து அஞ்சு ஒம்பதுன்னு இருக்கும். எங்க ஒண்ணாப்பு வாத்தியாரு பாத்தாருன்னா மண்டையில கொட்டுவாரு."

"மனப்பாடமா வச்சிருக்க?"

"பின்ன? எட்டு மணி நேரம் அது மூஞ்சியிலதான முழிக்கிறேன். வார்த்த பீஸ் உள்ள மாட்டிக்கிருச்சுன்னா கண்ணுச்சாமி அண்ணே அந்தக் கடைசில நின்டுக்கிட்டு 'ஆறு நாலு ரெண்டு'ன்னு கத்துவாரு. கதவத் தெறந்து கொக்கிய விட்டு எடுத்துப் போட வேண்டியதுதான். அங்க எல்லாமே நம்பருதான்க்கா. அந்தச் சத்தத்துல மத்தது எது காதுல விழுகுது?"

கண்ணுச்சாமி அந்த ஷிப்டின் சூப்பர்வைசர். அவர் கத்துகிற எண்கள் சில நாள் ஆபீஸ் வரைக்கும் கேட்கும். அவள் இத்தனை நாள் அதை உற்பத்திக் கணக்கு என்று நினைத்திருந்தாள்.

பாண்டியராஜன் லீவு ஃபாரம் வாங்க வந்திருந்தான். அடுத்த மாதம் சின்ன மகளுக்குக் காது குத்து. ஃபாரத்தை இரண்டு விரல் நுனியால் பிடித்து வாங்கிக்கொண்டு, "நீங்களும் கண்டிப்பா வரணும்க்கா, கறி இல்லாத பந்தி தனியா போடச் சொல்லிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை நாலு மணிக்கு வேலை முடிந்தது. சூடாமணி மேனேஜர் சிவக்குமாரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மூன்று நாள் பட்ட பாட்டை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. அவரைத் தன் மேஜைக்கே அழைத்துவந்து காட்டினாள்.

"இப்ப நடுவுல எதைச் சேத்தாலும் சார், மத்ததெல்லாம் தானா தள்ளி உக்காந்துக்கிரும். பாருங்க."

6.4 என்ற பிரிவுக்குள் போய், முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே 'சோதனை' என்று ஒரு வார்த்தை அடித்து, மூன்றாம் நிலை என்று கொடுத்தாள். அது 6.4.2 ஆயிற்று. பழைய 6.4.2 ஒரு படி இறங்கி 6.4.3 ஆயிற்று. ஒரு பட்டனைத் தட்டியதும் உள்ளடக்கப் பக்கம் மாறியது. ஒன்பதாம் அத்தியாயத்தில் '6.4.2 பார்க்கவும்' என்று இருந்த இடத்தில் '6.4.3 பார்க்கவும்' என்று வந்து நின்றது.

"அடேயப்பா" என்றார் சிவக்குமார். "ஒண்ணைச் சேத்த தடமே தெரியலையேம்மா."

"தெரியாது சார். முன்ன மாதிரி கையால அடிச்சிருந்தா பிடிச்சிரலாம். இப்ப முடியாது." பெருமையோடுதான் சொன்னாள். 'சோதனை'யை அழித்துவிட்டு ஃபைலை மூடினாள்.

அன்றைக்கு அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தபோதும் அவளுக்கு அப்படித்தான் பட்டது. அதுதான் அவளை அதிகம் வதைத்தது. எண்ணத்தை அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. வந்தவர் கையேட்டைப் புரட்டிவிட்டு, "வெரி நீட்" என்றார். சிவக்குமார் எல்லோர் முன்னாலும் சூடாமணியின் பெயரைச் சொன்னார். இனிப்புப் பெட்டி வந்தது. மெஷின்களில் ஒட்டியிருக்கும் பழைய தாள்களைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுவது மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் ஒரு பங்கு திடீரென்று குறைந்தது. அப்புறம் இன்னொரு பங்கு. ஒவ்வொரு மெஷினாக நிற்பதை ஆபீஸில் உட்கார்ந்தபடி கேட்டாள். செல்வக்குமார் என்கிற பையன், பாண்டியராஜனுக்குப் பக்கத்து மெஷின்காரன், ஓடிவந்து முதலுதவிப் பெட்டி கேட்டான். பெட்டியைத் திறந்தால் பஞ்சும் காலாவதியான ஒரு களிம்பும் இருந்தன. பஞ்சை அப்படியே அள்ளிக்கொண்டு அவளும் ஓடினாள்.

பாண்டியராஜன் பிளாஸ்டிக் குருணை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். வலது கையை யாருடைய துண்டிலோ சுற்றியிருந்தார்கள். அவன் கத்தவில்லை. உதடு மட்டும் வெளுத்துப்போய், கண்ணுச்சாமியைப் பார்த்து, "பட்டனை அமுக்கித்தானே நிறுத்துனேன்ணே, அமுக்குனேன்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணுச்சாமி வேனை எடுக்கச் சொல்லிக் கத்தினார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன என்று சாயங்காலம் தகவல் வந்தது.

சனிக்கிழமை காலை சிவக்குமார் அவள் மேஜைக்கு வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு துண்டுத் தாள். அவர் ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அன்னைக்குச் செஞ்சு காட்டுனீங்கல்லம்மா. நடுவுல ஒண்ணைச் சேத்தா மத்தது தானா மாறும்னு. இதை ஆறு நாலு ஒண்ணுக்கு அடுத்து சேத்திருங்க."

பிரித்துப் படித்தாள். 'மெயின் சுவிட்சை முழுவதும் அணைக்காமல் எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்கக் கூடாது. மீறித் திறப்பதால் ஏற்படும் காயத்துக்குத் தொழிலாளியே முழுப் பொறுப்பு.'

"இது எப்ப இருந்து சார்?"

"எப்பவும் உள்ளதுதாம்மா. வாயால சொல்லிக்கிட்டுத்தான இருக்கோம். எழுத்துல விட்டுப்போச்சு, அம்புட்டுத்தான்." குரலைத் தணித்தார். "அடியில இருக்கிற தேதிய மாத்த வேண்டாம். பழைய தேதியே இருக்கட்டும்."

ஃபைலைத் திறந்தாள். 6.4.1-இன் கடைசியில் கர்சரை வைத்து ஒரு வரி இறக்கி, இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை அடித்தாள். மூன்றாம் நிலை கொடுத்தாள். புது வரி 6.4.2 ஆக உட்கார்ந்தது. 'கதவைத் திறந்து பித்தளைக் கொக்கியால் பீஸை எடுக்கவும்' என்பது 6.4.3-க்கு இறங்கியது. உள்ளடக்கம் மாறியது. ஒன்பதாம் அத்தியாயம் மாறியது. எதுவும் பிசகவில்லை. எல்லாம் ஒழுங்காக நகர்ந்ததைப் பார்த்தபோது, புதன்கிழமை வந்த அதே சின்னச் சந்தோஷம் இப்போதும் வந்தது. வந்த மறுநொடியே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் அதற்குள் பிரிண்டர் தாளைத் தள்ள ஆரம்பித்திருந்தது.

சிவக்குமார் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய், ஜூன் மாதம் எல்லாத் தொழிலாளர்களிடமும் வாங்கிய கையெழுத்துப் பட்டியலோடு சேர்த்து ஃபைலில் கோத்தார். 'ஆறாம் அத்தியாயம் முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது' என்று அதில் இருந்தது. ஏழாவது வரியில் ம. பாண்டியராஜன். அன்று மத்தியானமே கண்ணுச்சாமி மூன்றாம் நம்பர் மெஷினில் புதுத் தாளை ஒட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கோரிப்பாளையம் இறங்கிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. பாண்டியராஜனின் மனைவி தாமரைச்செல்வி கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். அவளைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பெனில இருந்து நீங்க ஒருத்தருதான்க்கா வந்து எட்டிப் பாத்திருக்கீக. ஒங்கள மறக்க மாட்டோம்."

சூடாமணி கையை இழுத்துக்கொண்டாள். பழத்தை எடுத்து வைப்பதற்காக இழுத்த மாதிரி காட்டிக்கொண்டாள்.

பாண்டியராஜன் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். "பட்டன அமுக்கி நிறுத்திட்டுத்தான்க்கா கதவத் தெறந்தேன்" என்றான். "கதவு தெறந்திருந்தா மெஷின் ஓடக் கூடாது. அதுக்குன்னு கதவுல ஒரு சுவிட்ச் இருக்கு. அதைத்தான் ரெண்டு மாசமா கம்பியக் கொண்டு கட்டி வச்சிருந்தாகளே. ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு ஓடுனா மூடி எண்ணிக்கை கொறையுதாம். நிறுத்துன மெஷின் அதுபாட்டுக்கு மூடிருச்சுக்கா."

"மெயின் சுவிட்சை?" என்று கேட்டாள்.

"மெயினையா? மெயின ஆஃப் பண்ணுனா திரும்பச் சூடேற முக்கா மணி நேரம் ஆகும். அப்பிடி யாராச்சும் செஞ்சா கண்ணுச்சாமி அண்ணே உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. தாள்ல அப்பிடி இல்லையேக்கா. தாள்ல உள்ளபடிதான் செஞ்சேன். ஒங்களுக்குத் தெரியும்ல?"

"சாத்துக்குடி இனிப்பா இருக்கும்னு பழக்காரன் சொன்னான்" என்றாள் சூடாமணி. "சாப்பிடு."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றாள். வீட்டுப் பக்கம் போகிற கோச்சடை பஸ் இரண்டு வந்து போயின. ஏறத் தோன்றவில்லை.

வீட்டில் அவளுடைய கணவர் ராஜகுரு, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன், லீவு நாளில் ஃபேனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சௌராஷ்டிரத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஃபேன் இறக்கையைத் துடைப்பதை நிறுத்தாமலே கேட்டார். எழுதிக் கொடுத்ததை அடித்தாய், அடிப்பதுதான் உன் வேலை, யோசிப்பதற்கு அவர்கள் உனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்றார். வாயைத் திறந்தால் திங்கட்கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மகள் காவ்யஸ்ரீக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனாலேயே அவர் மேல் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாதம் இறங்கவில்லை. அடுத்த நாளும் சரியாக இறங்கவில்லை.

ஆபீஸில் தனியாக இருக்கும்போது இரண்டு தடவை அந்த ஃபைலைத் திறந்தாள். ஒரு தடவை 6.4.2-ஐத் தேர்ந்தெடுத்து அழித்துக்கூடப் பார்த்தாள். எல்லாம் ஒரு படி மேலேறிப் பழைய இடத்துக்கு வந்தன. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேமிக்காமல் மூடினாள். ஃபைலில் அழித்தால் என்ன ஆகப்போகிறது, கையெழுத்துப் பட்டியலோடு கோத்த தாள் மேனேஜர் பீரோவில் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். பயந்ததும் உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். பாதுகாப்பு விதியை மீறியதற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று பாண்டியராஜனுக்கு நோட்டீஸ் போயிருந்தது. அதை அடித்ததும் அவள்தான். தப்பு அவனுடையது என்று ஆகிவிட்டால் அவனுக்கு இங்கே வேலையும் இல்லை, போன விரல்களுக்கு நஷ்ட ஈடு கேட்க வாயும் இல்லை. மூன்று விரல் இல்லாத கையோடு வேறு எந்தக் கம்பெனியும் அவனை மெஷினில் நிறுத்தாது. கேட்டால் சொல்லிவிடுவது என்று அன்று காலை காளவாசலில் கம்பெனி வேனுக்குக் காத்திருந்தபோது சூடாமணி முடிவு செய்தாள். தானாகப் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. யாராவது நேராகக் கேட்டுவிட்டால் சொல்லிவிடலாம். யாராவது கேட்க வேண்டும் என்று அவள் உண்மையாகவே வேண்டிக்கொண்டாள்.

மேனேஜர் அறையில் மேஜையை ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்தவர் வக்கீல் ராமமூர்த்தி, வயதானவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். சொல்லச் சொல்ல அடித்துக்கொள்ள சூடாமணி ஓரத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாள். அவர் அவளுடைய பெயரைக் கேட்டார். அப்புறம் குரலை மாற்றி, அவளுடைய வீட்டு மொழியான சௌராஷ்டிரத்திலேயே, எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். சொன்னாள். அவளுடைய மாமனாரைத் தெரியும் என்று மகிழ்ந்துபோனார். எதிரே நின்ற பாண்டியராஜன், இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புரியாமல் மரியாதைக்குச் சிரித்துவைத்தான்.

அவனுக்குத் துணையாக வரச் சம்மதித்த செல்வக்குமார் அன்றைக்குப் பார்த்து லீவு போட்டிருந்தான். தாமரைச்செல்விதான் வந்திருந்தாள். எழுத முடியாதவன் என்பதால் அவளை உள்ளே அனுமதித்தார்கள்.

வக்கீல் புதுத் தாளைப் படித்துக் காட்டினார். "ஆறு நாலு ரெண்டு. மெயின் சுவிட்சை அணைக்காமல் கதவைத் திறக்கக் கூடாது. ஜூன் மாசம் இதைப் படிச்சுக் காட்டி உங்க கையெழுத்து வாங்கிருக்காங்க. உங்க கையெழுத்துதானா?"

"கையெழுத்து என்னுதுதான் சார். ஆனா ஆறு நாலு ரெண்டு இது இல்ல. ஆறு நாலு ரெண்டுன்னா கொக்கிய விட்டு எடுக்கிறது. எங்க எல்லாத்துக்கும் தெரியும் சார்."

தாமரைச்செல்வி மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். லேமினேட் செய்த தாள். மூலைகள் கிழிந்து, ஒரு பக்கம் முழுக்க எண்ணெய். மெஷினிலிருந்து அதை உரித்து ஒளித்து வைத்திருந்து செல்வக்குமார் கொடுத்தனுப்பியிருந்தான்.

"இதுதான் சாமி மெஷின்ல இருந்துச்சு. அடிபட்டப்ப இதுதான் இருந்துச்சு. இதுல அந்த மெயின் சமாச்சாரமே இல்ல, நீங்களே பாருங்க."

ராமமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "ஆறு நாலு ஒண்ணு. ஆறு நாலு ரெண்டு. அடுத்தது அஞ்சு ஒம்பது. அதுக்கு அடுத்து ஆறு நாலு மூணு. அப்புறம் அஞ்சு பத்து. என்னப்பா இது?" புதுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதில் எல்லா எண்ணும் ஒரே நேர்கோட்டில், வரிசை பிசகாமல் இருந்தன. "யாராவது ரஃப்பா அடிச்சுப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டதா இருக்கும். இப்படி ஒண்ணை எந்தக் கம்பெனியும் ஒட்டாது."

"ஒட்டியிருந்தாங்க சார்" என்றான் பாண்டியராஜன். "நாங்களே அதைச் சொல்லிச் சிரிச்சிருக்கோம். அக்காவுக்குத் தெரியும் சார். அக்காவக் கேளுங்க."

சிவக்குமார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் நாற்காலியைத் திருப்பினார். "நீதான அம்மா இந்தக் கையேட்டை அடிச்சது? பாத்துச் சொல்லு. இது ரெண்டுல எதும்மா சரி?"

நேராகக் கேட்டுவிட்டார். சூடாமணி இரண்டு தாள்களையும் பார்த்தாள். தாமரைச்செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் துளி சந்தேகம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்த அக்கா. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். காவ்யஸ்ரீயின் முகம், திங்கட்கிழமை, ஃபேன் இறக்கை, என்னென்னவோ குறுக்கே வந்தன.

"அந்தப் பழைய தாள்ல" என்று ஆரம்பித்தாள். "அதுல நம்பர் எல்லாம் தப்பு சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் ராமமூர்த்தி.

அவள் சொன்னது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யைத் தன் வாழ்நாளில் சொன்னதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு வாக்கியம் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அவள் காத்திருந்தாள், யாராவது இன்னொரு கேள்வி கேட்பார்கள் என்று. கேட்கவில்லை. வக்கீல் சொல்ல ஆரம்பித்தார். அவள் விரல்கள் அடித்துக்கொண்டே போயின. 'தொழிலாளி தாக்கல் செய்த தாள் நம்பத்தக்கதல்ல.' தாமரைச்செல்வி அந்த எண்ணெய்த் தாளைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

ஏழு பக்கம் வந்தது. பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

"இடது கை பெருவிரல் ரேகை வைக்கிறீங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"இல்ல சார், எழுதுறேன். பழகிக்கிட்டிருக்கேன்" என்றான் பாண்டியராஜன். மகளின் சிலேட்டில் எழுதிப் பழகுவதாகத் தாமரைச்செல்வி சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

அவன் குனிந்து இடது கையால் பேனாவைப் பிடித்தான். முதல் எழுத்தைப் போடும்போதே தாள் நழுவி மேஜை விளிம்புக்குப் போயிற்று. பிடித்துக்கொள்ள அவனுக்கு இன்னொரு கை இல்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தாளின் மேல் வைக்கப் பார்த்தான். வலியில் முகம் சுளித்து எடுத்துக்கொண்டான்.

"அதைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்றார் ராமமூர்த்தி.

சூடாமணி எழுந்து போய்த் தாளின் இரண்டு ஓரத்தையும் பத்து விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிது பெரிதாக, கோணல் மாணலாக, தன் பெயரை எழுதினான். 'ன்' புள்ளி வைக்க மறந்து, திரும்பப் போய் வைத்தான். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்கக்கா" என்றான்.

அவள் இறுக்கிப் பிடித்தாள்.